காலில் எடுத்த பிரஷர்

ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே சீமைக்கருவேலங் காட்டுக்கு நடுவில் இருக்கிற அந்தப் பட்டாசுக் கம்பெனியில் மொத்தம் முப்பத்தெட்டு ரூம்கள். ஒன்றில் தீப்பிடித்தால் இன்னொன்றுக்குத் தாவக் கூடாது என்பதற்காக எட்ட எட்டக் கட்டியிருப்பார்கள். கேட்டிலிருந்து கடைசி வெடிமருந்து ரூம் வரை நடந்தால் அரை மைலுக்குக் குறையாது. போர்மேன் மாரிக்கண்ணன் காலை ஏழு மணிக்குச் செருப்பைக் கேட்டில் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடக்கத் தொடங்குவான். மூன்றாவது ரூம் வாசலில் நிற்பான். ஏழாவதில் நிற்பான். பதினொன்றில் நிற்பான். நிற்கிற இடத்தில் உள்ளே எட்டிப் பார்ப்பான். நாலு பேருக்கு மேல் ஆள் இருக்கிறதா, ரப்பர் விரிப்பு சுருண்டு கிடக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா, தரையில் மருந்து சிந்தியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கண்ணை ஓட்டுவான். அதற்குப் பிறகுதான் அடுத்த அடி.

பதினோரு வருடமாக அவன் பொறுப்பில் ஒரு கை வெந்ததில்லை. "நின்னு பாக்குற போர்மேன்" என்று சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் அவனுக்குப் பெயர். முதலாளி சங்கரலிங்கம் வெளியூர் வியாபாரிகளிடம் அவனைக் காட்டி, "நம்ம ஆளு நிக்காம நடக்க மாட்டான்" என்று பெருமையாகச் சொல்லுவார்.

அவன் ஏன் நிற்கிறான் என்பது அவனுடைய அக்கா முருகம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். அதே கம்பெனியில் அவள் பேக்கிங் பகுதியில் வேலை பார்த்தாள். நூறு அடி நடந்தால் மாரிக்கண்ணனுக்குக் கெண்டைக்கால் இறுகிக் கல்லாகிவிடும். நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். நிற்கிற நேரத்தில் சும்மா நிற்பானேன் என்று ரூமுக்குள் பார்க்கத் தொடங்கியதுதான் அவனுடைய கண்டிப்பின் தொடக்கம்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தாயில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் மற்ற பையன்கள் ஓடும்போது அவன் வேலியோரம் உட்கார்ந்திருப்பான். வாத்தியார் சோம்பேறி என்றார். அப்பா, கரிசல் காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், அவரும் அதையே சொன்னார். சித்திரை வெயிலில் தரை கொதிக்கும்போதும் அவன் பாதம் மட்டும் மண்பானைத் தண்ணீர் மாதிரிச் சில்லென்று இருக்கும். காலுக்கு நோவு என்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு இரண்டு தடவை வெள்ளித் தகட்டில் கால் செய்து போட்டாயிற்று. வளர்ந்தபோது தோளும் கையும் மல்லனுக்கு இருப்பதுபோல விரிந்தன. கால் இரண்டும் குச்சியாகவே நின்றுவிட்டன. "மேல சாண்டோ, கீழ கொக்கு" என்று பேக்கிங்கில் இருக்கிற சின்னத்தாய் சொல்லுவாள். அவளுக்கு வாய் அதிகம். ஆனால் அவள் சொன்னது ஒரு நாள் டாக்டர் வாயிலிருந்தும் வேறு வார்த்தையில் வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

முருகம்மாள் எட்டாவதோடு நின்றுவிட்டு, தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிக் கட்டை அடுக்கப் போனவள். தம்பி பத்தாவது முடித்து, போர்மேன் பரீட்சை எழுதி, சர்டிபிகேட் வாங்கியபோது அவர்கள் தெருவில் அதுதான் முதல் சர்டிபிகேட். அவள் அதை வாங்கிக் கவரில் போட்டு, கவரை டிரங்குப் பெட்டியில் வைத்தாள். அதற்குப் பிறகு தம்பி பெயரில் வருகிற எந்தத் துண்டுச் சீட்டும் அந்தக் கவருக்குள்தான் போகும், தேதி வாரியாக. பெட்டிக்குள் எண்ணி அடுக்கிப் பழகிய கை.

*

கம்பெனியில் வருடத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் கேம்ப் நடக்கும். மருந்து ரூமில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கண், மூச்சு, பிரஷர் எல்லாம் பார்ப்பார்கள். கேம்ப் தொடங்கிய முதல் வருடச் சீட்டில் மாரிக்கண்ணனுக்கு 168 என்று எழுதியிருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த வருடம் மாத்திரை போட்டும் 176. அந்த வருடம் வந்த டாக்டர், "அடுத்த கேம்ப்லயும் இப்படியே இருந்தா மருந்து ரூம் பக்கம் விட முடியாது. தலை சுத்தி விழுந்தீங்கன்னா நீங்க மட்டுமா போவீங்க?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருடம் முழுக்க அவன் உப்பைக் குறைத்தான். கருவாட்டை விட்டான். பிரஷர் அசையவில்லை.

மூன்றாவது வருடம் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஊரில் சாப்பாடு போட்டார்கள். சோற்று அண்டாவைச் சாய்த்துக் கஞ்சி வடிக்கும்போது ஒருபக்கம் பிடித்தவன் கை நழுவிவிட, கொதிக்கிற கஞ்சி மாரிக்கண்ணன் மேல் வந்தது. இரண்டு கையும் தோள்பட்டைக்குக் கீழே வெந்துபோயின.

"பதினோரு வருசமா மருந்துக்குள்ள நின்னவனத் தீ தொடல. கஞ்சித்தண்ணி வேக வச்சிருச்சு பாருங்க" என்று சின்னத்தாய் ஊரெல்லாம் சொன்னாள்.

பத்து நாள் கழித்துக் கேம்ப். இரண்டு கையும் துணி சுற்றியிருந்ததால் நர்ஸ் என்ன செய்வதென்று யோசித்துவிட்டு, அவனைக் குப்புறப் படுக்க வைத்து, பிரஷர் பட்டையைத் தொடையில் சுற்றி எடுத்தாள். 108.

"நார்மல்ணே" என்றாள்.

அன்றைக்கு வீட்டில் கறிக்குழம்பு. அவன் மனைவி இசைவாணி, "கொதிக்கிற கஞ்சி பட்டதுல பிரஷரு பயந்து ஓடிப்போச்சு" என்று சிரித்தாள். மாத்திரையை நிறுத்தினார்கள். முருகம்மாள் சீட்டை வாங்கிக் கவரில் போடும்போது, அதன் ஓரத்தில் பென்சிலால் 'கால்' என்று எழுதி வைத்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. எடுத்த இடம் வேறு, அதைக் குறித்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

கை ஆறிய பிறகு ஒரு நாள் தலைவலி தாங்காமல் சாத்தூர் மருந்துக் கடையில் மெஷினில் கையை நீட்டினான். 190. மறுபடியும் எடுக்கச் சொன்னான். 188.

அன்று சாயங்காலம் அக்காவிடம் வந்து சொன்னான். "யக்கா, பிரஷரு போகல. கையிலதான் இருக்கு. காலுல இல்ல."

"அது எப்படிலே கையில ஒண்ணு காலுல ஒண்ணு இருக்கும்?"

"எனக்கு என்ன தெரியும்? என் காலு எதுக்குமே ஆகாத காலுன்னு நெனச்சேன். சர்டிபிகேட் வாங்கிக் குடுக்குற காலா இருக்கு."

நாலாவது வருடக் கேம்ப் அன்று காலையில் முருகம்மாள் தம்பியின் இரண்டு கைக்கும் துணி சுற்றினாள். ஆறிப்போன தழும்புக்கு மேல் மஞ்சள் நிற மருந்தைத் தடவி, வெள்ளைத் துணியைச் சுற்றி, பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். "தோல் இன்னும் இழுக்குதும்மா, பட்டையக் கட்டினா கசியுது" என்று அவன் நர்ஸிடம் சொன்னான். தொடையில் எடுத்தார்கள். 104. ரூமுக்குத் திரும்பி வரும்போது பேக்கிங் வாசலில் நின்று அக்காவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து கம்பெனியை ஏமாற்றிவிட்டோம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

*

ஐந்தாவது வருடம் கேம்புக்கு ஒரு வாரம் முன்னால், வேனில் வீட்டுக்குப் போகும்போது சின்னத்தாய் முருகம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வழக்கமாகப் பின்சீட்டுக்குப் போய்க் கத்திக்கொண்டு வருகிறவள் அன்று மெதுவாகப் பேசினாள்.

"ஒந்தம்பிக்கு என்னமும் செய்யுதா?"

"ஏன் கேக்க?"

"நேத்து மருந்து ரூம் வாசல்ல தாமிரத் தகட்டத் தொட்டான்லா..." ரூமுக்குள் போகும் முன்னால் உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக எல்லாரும் தொடுகிற தகடு அது. "தொட்ட கைய எடுக்கவே இல்ல. கண்ண மூடிக்கிட்டு அதப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு நிக்கான். மூக்குல ரத்தம். தொடச்சிட்டு உள்ள போயி சல்லடையக் கையில வாங்கிட்டான். எம் மக உள்ள இருந்தா முருகம்மா. அவதான் வந்து சொன்னா."

மருந்து சலிக்கிற சல்லடை கைநழுவி விழுந்து ஒரு பொறி தட்டினால் என்ன ஆகும் என்று அந்த வேனில் இருந்த எல்லாருக்கும் தெரியும். சின்னத்தாய் குற்றம் சொல்லவில்லை, மிரட்டவும் இல்லை. அதுதான் முருகம்மாளுக்குத் தாங்கவில்லை.

கேம்ப் அன்று காலை மாரிக்கண்ணன் துணியோடு வந்தான். அவள் சுற்றினாள். முடிச்சுப் போடும்போது மட்டும் பல்லால் இழுக்கவில்லை.

"இறுக்குக்கா. அவுந்துரும்" என்றான்.

"அவுறாது. போ" என்றாள்.

கம்பெனி ஆபீஸ் வராந்தாவில் இந்த வருடம் புது டாக்டர் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீமதி என்று பெயர், முப்பது வயது இருக்கும். மாரிக்கண்ணன் வழக்கம்போலக் கையைக் காட்டித் தோல் இழுக்கிற கதையைச் சொல்லிவிட்டுப் படுத்தான். நர்ஸ் தொடையில் எடுத்து 106 என்றாள். டாக்டர் பேனாவை எடுத்தார்.

வரிசையில் நின்ற முருகம்மாள் அப்போதுதான் முன்னால் வந்தாள்.

"டாக்டரம்மா, அது பொய்யி."

டாக்டர் நிமிர்ந்தார். மாரிக்கண்ணன் எழுந்து உட்கார்ந்தான்.

"யக்கா, சும்மா இரு."

அவள் அவன் கையைப் பிடித்துத் துணியை உருவினாள். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. உள்ளே ஆறிய தழும்பு. "கையில எடுத்தா நூத்தித் தொண்ணூறு இருக்கும். ரெண்டு வருசமா காலக் காட்டித்தான் சர்டிபிகேட் வாங்குறான். துணி கட்டி விட்டது நான்தான். எழுதாதீக."

சங்கரலிங்கம் ஆபீஸ் அறையிலிருந்து வெளியே வந்து நின்றார். டாக்டர் கோபப்படுவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் பேனாவை மூடிவிட்டு, "காலில் எவ்வளவு இருந்துச்சு? போன வருஷம்? அதுக்கு முன்னால?" என்று கேட்டார்.

முருகம்மாள் மடியிலிருந்து கவரை எடுத்து நீட்டினாள். நாலு வருடச் சீட்டும், மருந்துக் கடைச் சீட்டும். ஓரத்தில் பென்சிலால் 'கை', 'கால்'.

டாக்டர் சீட்டுகளை மேசைமேல் இரண்டு வரிசையாக வைத்துப் பார்த்தார். பிறகு தானே எழுந்து வந்து பட்டையை மாரிக்கண்ணனின் வலது கையில் சுற்றி எடுத்தார். 194. மணிக்கட்டில் நாடி பார்த்தார். குனிந்து அவன் பாதத்தின் மேல்பக்கம் விரலை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். தொடை இடுக்கில் வைத்தார். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைக்காமல் முதுகில் வைத்துக் கேட்டார்.

"நடந்தா கால் இறுகுதா?"

மாரிக்கண்ணன் அக்காவை முறைத்துக்கொண்டே தலையாட்டினான்.

"சின்ன வயசுலேர்ந்தா?"

"ஆமா."

"நீங்க ஏமாத்தினது தப்புதான். ஆனா பொய் சொல்லல" என்றார் டாக்டர். "கையில இருக்கிறதும் மெய். காலில் இருக்கிறதும் மெய். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கக் கூடாது. உங்க மேல் உடம்பு ஒரு மாதிரி வளர்ந்திருக்கு, கால் வேற மாதிரி வளர்ந்திருக்கு. யாரும் சொன்னதில்லையா?"

வரிசையில் நின்ற சின்னத்தாய், "நான் சொன்னேன். யாரு கேட்டா?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் ஒரு கடிதம் எழுதி மதுரைக்குப் போகச் சொன்னார். போர்மேன் சீட்டில் எதுவும் எழுதவில்லை. எழுதாத சீட்டு என்றால் வேலை இல்லை என்று அர்த்தம்.

சங்கரலிங்கம் அன்றைக்கு அவனைக் கூப்பிட்டு, "என் லைசென்ஸ்ல விளையாடிட்டியேப்பா" என்றார். சத்தம் போடவில்லை. "போய் உடம்பப் பாரு. இடத்த காலியா வச்சிருப்பேன்னு சொல்ல மாட்டேன். சீசன் வருது. போர்மேனா ஊர்க்காவலன்னு ஒருத்தன எடுக்கப் போறேன். சரியாகி, முறையா சர்டிபிகேட்டோட வா. அப்ப பேசுவோம்."

மாரிக்கண்ணன் கேட்டில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். பின்னாலேயே வந்த அக்காவைத் திரும்பிப் பார்த்து, "உன் வாயால என்ன எறக்கிவிட்டுட்ட" என்றான். அதற்குப் பிறகு பதின்மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

*

மதுரையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். விலா எலும்புகளின் கீழ் ஓரம் எலி கொறித்தது மாதிரி இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அறுவை சிகிச்சை டாக்டர் மூன்று பேரையும் உட்கார வைத்தார். மாரிக்கண்ணன், இசைவாணி, அவன் பேசாவிட்டாலும் கூடவே வந்த முருகம்மாள். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டார். இதயத்திலிருந்து பெரிய ரத்தக்குழாய் மேலே போகிறது. தலைக்கும் கைக்கும் கிளை கொடுத்துவிட்டு வளைந்து கீழே இறங்குகிறது. வயிற்றுக்கும் காலுக்கும் அதிலிருந்துதான் ரத்தம். "உங்களுக்கு வளைவு தாண்டினதும் அந்தக் குழாய் இல்ல" என்று அந்த இடத்தில் கோட்டை அழித்தார். "பிறக்கும்போதே அடைஞ்சிருக்கு. ரத்தம் விலா எலும்பு ஓரமா இருக்கிற சின்னச் சின்னக் குழாய் வழியா சுத்தி வளைச்சுக் காலுக்குப் போயிருக்கு. அதுங்க பெருத்து எலும்பையே அரிச்சிருக்கு. மேல முட்டுற ரத்தம்தான் உங்க பிரஷர். இந்த வயசு வரைக்கும் நீங்க நடமாடினதே பெருசு."

"மாத்திரையில கரையாதா?" என்று இசைவாணி கேட்டாள்.

"இல்லாத குழாயை மாத்திரை எப்படிம்மா உண்டாக்கும்? சில பேருக்குச் சுருக்கம் மட்டும் இருக்கும், உள்ள கம்பி வலை வச்சு விரிச்சிடலாம். இவருக்கு ரெண்டு முனையும் சேரவே இல்ல. நெஞ்சைத் திறந்து, துணியில நெய்த ஒரு குழாயை மேல ஒரு இடத்துல, கீழ ஒரு இடத்துல வச்சுத் தைக்கணும். அடைப்பைத் தொடாம பக்கத்துலயே ஒரு பாதை."

மாரிக்கண்ணன் படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தான்.

"சரவெடியில நடுத்திரி அறுந்துபோனா கீழ இருக்கிற வெடி பத்தாது சார். சரத்தப் பிரிக்க மாட்டோம். பக்கத்துல ஒரு துண்டுத் திரியப் போட்டு மேலயும் கீழயும் கட்டிருவோம்."

"அதேதான்" என்றார் டாக்டர்.

"ரெண்டு கட்டுலயும் தொய்வு இருக்கப்படாது. அங்கனதான் கோளாறு வரும்."

"எனக்கும் அங்கதான் கவனம்" என்றார் டாக்டர். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. சக தொழிலாளி ஒருவனிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

கையெழுத்துப் போட வேண்டிய தாள் வந்தது. இசைவாணி, "மதினி கேக்கட்டும்" என்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

முருகம்மாள் கேட்டாள். "நூறு பேருக்குச் செஞ்சா எத்தன பேரு திரும்பி வர மாட்டாக?"

"ரெண்டு மூணு பேர். பெருத்த குழாய்கள்ல ரத்தம் கொட்டலாம். அது ஒரு பயம். முதுகுத்தண்டுக்கு ரத்தம் குறைஞ்சு கால் ரெண்டும் செயலிழந்து போகலாம். அது நூத்துல ஒருத்தருக்கு."

"செய்யாம விட்டா?"

"தலையில ரத்தக்குழாய் வெடிக்கலாம். இதயம் தளர்ந்து போகலாம். இப்படியே ஐம்பதைத் தாண்டுறவங்க குறைவு."

மாரிக்கண்ணனுக்கு முப்பத்தேழு. முருகம்மாள் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். பதின்மூன்று நாளுக்குப் பிறகு அவன் அவளிடம் பேசினான்.

"கால் போயிட்டா?"

"போனா நான் தூக்குறேன்" என்றாள். "ஆனா சல்லடையோட நீ விழுந்து சின்னத்தாய் மக வெந்தா, அத நான் எங்கன தூக்க?"

"அன்னைக்கு முடிச்ச நீ இறுக்கவே இல்லல்ல? எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கினான்.

காப்பீட்டு அட்டைக்காக முருகம்மாள் மூன்று தடவை சூலக்கரைக் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தாள். ஒரு தடவை அட்டையில் தம்பியின் பெயர் விட்டுப்போயிருந்தது. ஒரு தடவை பிறந்த வருடம் தப்பு. அவளிடம் கவர் இருந்ததால் எதுவும் இரண்டு நாளுக்கு மேல் நிற்கவில்லை. ரத்தம் எட்டுப் பேர் கொடுக்க வேண்டும் என்றார்கள். வேன் டிரைவர் சிவபாண்டி கம்பெனி வேனையே மதுரைக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். அதிலிருந்து பதினாறு பேர் இறங்கினார்கள். எடை போதாது என்று சின்னத்தாயைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "இம்புட்டு தூரம் வந்தவளுக்கு ஒரு காபியாவது குடுங்க" என்று அவள் நர்ஸிடம் சண்டை பிடித்து வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

*

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நாலு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். குழாய் வைத்தாயிற்று, ரத்தக் கசிவு எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகம், நிறுத்திவிட்டோம் என்றார். காலைப் பற்றி அவன் கண் விழித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார்.

மறுநாள் காலையில் ஒரு ஆளை மட்டும் உள்ளே விட்டார்கள். இசைவாணி வாசலிலேயே நின்றுவிட்டாள். "நீங்க போங்க மதினி" என்றாள்.

மாரிக்கண்ணன் வாயில் குழாயோடு படுத்திருந்தான். கண் பாதி திறந்திருந்தது. முருகம்மாள் தலைமாட்டுக்குப் போகவில்லை. நேராகக் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கி, இரண்டு உள்ளங்கையாலும் இரண்டு பாதத்தையும் பிடித்தாள். பிடித்தவள் பதறி நர்ஸைக் கூப்பிட்டாள்.

"யம்மா, இங்க வாங்க. காய்ச்சல் அடிக்குது. காலு கொதிக்குது."

நர்ஸ் ஓடிவந்தாள். திரையில் இருந்த எண்ணைப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு பாதத்தைத் தொட்டாள்.

"காய்ச்சல் இல்லக்கா. எல்லாருக்கும் இருக்கிற சூடுதான்."

முப்பத்தேழு வருடமாக அந்தக் கால் எப்படி இருந்தது என்று அந்த நர்ஸுக்கு எப்படித் தெரியும்? முருகம்மாள் கையை எடுக்காமல் நின்றாள். அவள் பிடிக்குள் வலது பெருவிரல் அசைந்தது. கொஞ்ச நேரத்தில் இடது விரலும் அசைந்தது. அவள் தலைமாட்டைப் பார்த்தாள். அவன் கண்ணை முழுதாகத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டுமென்றேதான் அசைக்கிறான் என்று காட்டுவதுபோல இன்னொரு தடவை வலது விரலை அசைத்தான்.

"போதும், போதும். படு" என்றாள்.

*

நெஞ்செலும்பு கூடும் வரை மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாது. பிரஷர் ஒரேயடியாக இறங்கிவிடவில்லை. இத்தனை வருடம் முட்டிப் பழகிய ரத்தக்குழாய் மெதுவாகத்தான் தளரும், ஒரு மாத்திரை காலம் முழுக்க வேண்டியிருக்கலாம் என்றார்கள். அவன் ஒரு நாள்கூட விடாமல் போட்டான். போட்டானா என்று அட்டையைப் பிரித்து எண்ணிப் பார்க்க முருகம்மாள் தினம் சாயங்காலம் வந்தாள். "இவுக கம்பெனியில பெட்டி எண்ணுறது பத்தாதுன்னு இங்கயும் எண்ண வந்துட்டாக" என்று இசைவாணி சிரிப்பாள்.

அடுத்த வருடம் மதுரை டாக்டரின் கடிதத்தோடு அவன் கேம்புக்குப் போனான். ஸ்ரீமதி டாக்டர்தான் வந்திருந்தார். அவன் கேட்காமலே சட்டைக் கையை மடித்து நீட்டினான். 132. பிறகு, சொல்லாமலே போய்க் குப்புறப் படுத்தான்.

"கால் வேண்டாம், எழுந்திருங்க" என்று நர்ஸ் சிரித்தாள்.

"அதையும் எடுத்து எழுதிடுங்க" என்றார் டாக்டர்.

134. கையைவிடக் கொஞ்சம் அதிகம்தான். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். கவருக்குள் போன சீட்டுகளிலேயே இரண்டு எண்ணும் ஒரே தாளில் இருந்தது அந்த ஒன்றுதான். முருகம்மாள் அதில் பென்சிலால் எதுவும் எழுதவில்லை. டாக்டரே எழுதியிருந்தார்.

சங்கரலிங்கம் சர்டிபிகேட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். ஊர்க்காவலனை எடுத்தது எடுத்ததுதான், அவனை அனுப்ப மாட்டேன் என்றார். பத்தொன்பதாவது ரூமிலிருந்து அவன் பார்க்கட்டும், ஒன்றிலிருந்து பதினெட்டு வரை நீ பார் என்றார். மாரிக்கண்ணன் சரி என்றான். பாதி வேலைதான் திரும்பக் கிடைத்தது. ஆனால் இந்தத் தடவை அது எதையும் மறைக்காமல் வாங்கிய வேலை.

மறுநாள் ஏழு மணிக்குக் கேட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தான். பேக்கிங் வாசலில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த முருகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவது ரூம் வந்தது. கால் இறுகவில்லை. தாண்டிப் போய்விட்டான். நாலு, ஐந்து, ஆறு. கையை வீசிக்கொண்டு நடந்தான். நடக்க முடிகிறது என்பதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. ஏழாவதையும் தாண்டினான்.

அந்த வாசலுக்கு அட்டைப்பெட்டி கொண்டுபோயிருந்த சின்னத்தாய் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"என்ன போர்மேனு, புதுக்காலு வந்ததும் எங்க ரூம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியலையோ?"

மாரிக்கண்ணன் நின்றான். திரும்பி வந்து ஏழாவது ரூம் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். ஆட்களை எண்ணினான். விரிப்பைப் பார்த்தான். மூலையில் இருந்த வாளியைப் பார்த்தான்.

"வாளியில தண்ணி எங்க?"

உள்ளே இருந்தவர்கள் வாளியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தண்ணி வர்ற வரைக்கும் வேலை கெடையாது. எல்லாரும் வெளிய வாங்க" என்றான். நாலு பேரும் எழுந்து வெளியே வந்தார்கள்.

"கூப்புட்டு வச்சு வசவு வாங்கித் தாரேன் பாரு, எனக்கு இது தேவையா" என்று முணுமுணுத்தபடி சின்னத்தாய் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அவள் திரும்பி வந்து வாளியை மூலையில் வைக்கும் வரை மாரிக்கண்ணன் அங்கேயே நின்றான். பிறகு திரும்பி வந்த வழியே நடந்து, தாண்டிப் போயிருந்த மூன்றாவது ரூமுக்குப் போனான்.